மலத்தில் ரத்தம் வந்தால் மூலம்தானா? பெருங்குடல் புற்றுநோயின் ஆரம்ப அறிகுறிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருங்குடல் புற்றுநோய் சத்தமில்லாமல் வரும் என்பார்கள். அது பாதிதான் உண்மை. பலருக்குப் பல மாதங்கள் முன்பே அறிகுறி தெரிகிறது. மூலம், சூடு, அமீபா, வாயு என்று நாமே ஒரு பெயர் வைத்துவிடுகிறோம். பிறகு அந்தப் பெயருக்கே மருந்தும் சாப்பிடுகிறோம். இங்குள்ள கேள்விகள் எல்லாம் வீட்டிலும் மருந்துக்கடையிலும் டாக்டர் அறைக்கு வெளியிலும் மக்கள் கேட்பவை.

பெருங்குடல் என்பது வயிற்றில் எந்த இடம்?

ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமுள்ள குழாய் அது. வலது அடிவயிற்றில், குடல்வால் இருக்கும் இடத்தில் தொடங்கி மேலே ஏறி, தொப்புளுக்கு மேலாகக் குறுக்கே சென்று, இடப்பக்கம் இறங்கி, மலக்குடலில் வந்து ஆசனவாயில் முடிகிறது. புற்றுநோய் இதில் எங்கே வேண்டுமானாலும் வரலாம். எந்த இடத்தில் வருகிறது என்பதைப் பொறுத்து அறிகுறியும் மாறும். இதைப் புரிந்துகொண்டால் கீழே வரும் பதில்கள் எல்லாம் எளிதாக விளங்கும்.

பெரும்பாலும் இது குடலின் உள்சுவரில் முளைக்கும் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சியில் தொடங்குகிறது. எல்லாப் பாலிப்பும் புற்றுநோய் ஆவதில்லை. ஆகிறவையும் பொதுவாக 10 ஆண்டு வாக்கில் எடுத்துக்கொள்கின்றன. அவ்வளவு நீண்ட அவகாசம் தருகிற புற்றுநோய்கள் அதிகம் இல்லை.

முதல் அறிகுறி எது?

பாலிப்பாக இருக்கும்போதும், கட்டி மிகச் சிறியதாக இருக்கும்போதும் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. தெரியத் தொடங்கும்போது இப்படித்தான் தெரியும்: மலத்தோடு ரத்தம் அல்லது சளி. வழக்கமாக வெளிக்குப் போகும் முறையில் மாற்றம். போய்விட்டு வந்த பிறகும் இன்னும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு. காரணம் தெரியாத ரத்தசோகை, அதனால் வரும் அசதி. விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி அல்லது வயிற்று உப்புசம். முயற்சி எடுக்காமலே எடை குறைவது.

இதில் எடை குறைவதையும் கடும் வலியையும்தான் மக்கள் கேன்சரின் அடையாளமாக நினைக்கிறார்கள். அவை பெரும்பாலும் பிந்தி வருபவை. "வலியே இல்லையே, அப்புறம் என்ன?" என்று யாராவது உங்களுக்கு ஆறுதல் சொன்னால் அதை ஏற்காதீர்கள். ஆரம்பத்தில் வலி இல்லாமல் இருப்பதுதான் இந்த நோயின் இயல்பு.

மலத்தில் ரத்தம் வந்தால் அது மூலம்தானே?

பெரும்பாலும் மூலமாகவோ ஆசனவாய் வெடிப்பாகவோதான் இருக்கும். ஆனால் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது. நீங்களும் சொல்ல முடியாது, மருந்துக்கடைக்காரரும் சொல்ல முடியாது, ஆசனவாயைப் பரிசோதிக்காமல் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடி மருந்து எழுதும் டாக்டரும் சொல்ல முடியாது.

பொதுவான வேறுபாடு உண்டு. வெடிப்பு என்றால் போகும்போது கத்தியால் கீறியது போல வலிக்கும், கொஞ்சம் சிவப்பாக ரத்தம் வரும். உள்மூலம் என்றால் வலி இருக்காது. மலம் போன பிறகு பளிச்சென்ற சிவப்பு ரத்தம் சொட்டும் அல்லது பீச்சும். புற்றுநோய்க் கட்டியிலிருந்து வரும் ரத்தம் மலத்தோடு கலந்தோ, மலத்தின் மேல் படிந்தோ, சற்று அடர்ந்த நிறத்திலோ, சளியோடு சேர்ந்தோ வரலாம். சிக்கல் என்னவென்றால், மலக்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டியும் மூலத்தைப் போலவே பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் விடும். ஆகவே நிறத்தை மட்டும் வைத்து யாரும் நிம்மதி அடையக் கூடாது.

இன்னொன்று: மூலம் இருப்பவருக்குப் புற்றுநோய் வராது என்று எந்தச் சட்டமும் இல்லை. 15 வருடமாக மூலம் இருக்கிறது, அவ்வப்போது ரத்தம் வரும், பழகிவிட்டது என்று இருப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம். புதிதாக வரும் ரத்தத்தையும் அவர் பழைய கணக்கிலேயே எழுதிவிடுவார். மூலம் உள்ளவர் கவனிக்க வேண்டியது மாற்றத்தை. முன்பு சொட்டியது இப்போது கலந்து வருகிறதா? முன்பு மலச்சிக்கல் வந்தபோது மட்டும் வந்தது, இப்போது இளக்கமாகப் போகும்போதும் வருகிறதா? கூடவே சளி வருகிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் மறுபடி காட்டுங்கள்.

நம் ஊரில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதால் கொஞ்சமாக வரும் ரத்தம் கண்ணில் படாமலே போய்விடுகிறது. மேற்கத்திய கழிப்பறையில் மலம் தண்ணீருக்குள் விழுந்துவிடும். தண்ணீர் லேசாகச் சிவந்தால்தான் உண்டு. பல வீடுகளில் கழிப்பறை விளக்கும் மங்கல். தண்ணீர் ஊற்றுமுன் ஒரு முறை திரும்பிப் பார்ப்பது அருவருப்பான காரியம் இல்லை. வீட்டுப் பெரியவர்களிடமும் இதைச் சொல்லுங்கள்.

எனக்கு எப்போதுமே மலச்சிக்கல் உண்டு. அதையும் அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

எப்போதுமே உண்டு என்றால் அது உங்கள் இயல்பு. ஒரு நாளைக்கு மூன்று முறை போவதும், மூன்று நாளைக்கு ஒரு முறை போவதும், பல வருடமாக அப்படியே இருந்தால் கவலைக்குரியதல்ல. காரணமில்லாமல் அந்த ஒழுங்கு மாறி, மூன்று வாரத்துக்கு மேலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

குறிப்பாகச் சில மாற்றங்கள். தினமும் காலையில் ஒழுங்காகப் போனவருக்குச் சிக்கல் வருகிறது, நாலு நாள் கழித்து பேதியாகிறது, மறுபடி சிக்கல். குடலின் உட்புறம் குறுகும்போது கெட்டியான மலம் தங்கிவிடும், அதன் பின்னால் சேரும் இளக்கமானது மட்டும் வழிந்து வரும். அதனால்தான் சிக்கலும் பேதியும் மாறி மாறி வருகின்றன. இன்னொன்று, மலம் வழக்கத்தைவிட மெலிந்து போவது. ஒருநாள் இரண்டுநாள் அப்படிப் போவது யாருக்கும் நடக்கும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் காட்ட வேண்டும்.

மூன்றாவது, அடிக்கடி வருவது போன்ற உணர்வு. போய் உட்கார்ந்தால் கொஞ்சம் சளியும் ரத்தமும்தான் வரும். எழுந்து வந்தால் மறுபடி முடுக்கும். மலக்குடலில் உள்ள கட்டியையே உடல் மலம் என்று நினைத்து வெளியேற்றப் பார்க்கிறது. இதைச் சீதபேதி என்றும் அமீபா என்றும் நினைத்து மெட்ரோனிடசோல் மாத்திரையை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். ஒருமுறை முழுதாகச் சாப்பிட்டும் சரியாகவில்லை என்றால் இரண்டாவது முறை அதே மாத்திரையை வாங்காதீர்கள்.

ரத்தசோகைக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. மிக அதிகமாகக் கோட்டை விடப்படும் அறிகுறி இதுதான் என்று நினைக்கிறேன்.

பெருங்குடலின் வலப்பக்கம் அகலமானது. அங்கே மலம் இன்னும் கூழாகத்தான் இருக்கும். அதனால் அங்கே கட்டி வளர்ந்தாலும் அடைப்பு சீக்கிரம் வராது, வெளிக்குப் போவதிலும் மாற்றம் தெரியாது. ஆனால் கட்டியிலிருந்து ரத்தம் தினமும் துளித்துளியாகக் கசியும். மலத்தோடு கலந்து நெடுந்தூரம் வருவதால் கண்ணுக்குத் தெரியாது. உடலிலுள்ள இரும்புச்சத்து மாதக்கணக்கில் கரைந்துகொண்டே போகும்.

58 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வயசாகிவிட்டது என்கிறார். வீட்டில் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். ஹீமோகுளோபின் 8. இரும்புச்சத்து மாத்திரை, பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை. இரண்டு மாதத்தில் 10 ஆகிறது, எல்லோருக்கும் நிம்மதி. மாத்திரையை நிறுத்தியதும் மறுபடி இறங்குகிறது. இந்த இரண்டு மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி, இவருடைய ரத்தம் எங்கே போனது என்பதுதான்.

ஆண்களுக்கு 13-க்கும், பெண்களுக்கு 12-க்கும் கீழே ஹீமோகுளோபின் இருந்தால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு வர வேறு காரணங்கள் உண்டு. ஆனால் ஓர் ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை என்றால், வேறு தெளிவான காரணம் இல்லாதபோது, இரைப்பையையும் பெருங்குடலையும் உள்ளே பார்த்தே ஆக வேண்டும். மாத்திரை கொடுப்பது தவறில்லை. மாத்திரையோடு நிறுத்திவிடுவதுதான் தவறு.

மலம் கறுப்பாகப் போகிறது. பயப்பட வேண்டுமா?

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கும், அது சாதாரணம். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிவப்பாகப் போவதும் அப்படியே. மாத்திரை எதுவும் சாப்பிடாமல், தார் போல ஒட்டிக்கொண்டு, கடுமையான நாற்றத்தோடு கறுப்பாகப் போனால் அது பெரும்பாலும் இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ ரத்தம் கசிவதைக் காட்டும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எனக்கு 32 வயதுதான். இந்த வயதில் வருமா?

வரலாம். வயது ஏற ஏறத்தான் வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் பல நாடுகளில் 50 வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் இது கூடிவருகிறது. இந்தியாவில் மொத்தமாகப் பார்த்தால் மேற்கு நாடுகளைவிட இந்த நோய் குறைவு. ஆனால் இங்கே வரும் நோயாளிகளில் இளவயதினரின் பங்கு அங்கேயுள்ளதைவிடக் கூடுதல். மலக்குடலில் வரும் கட்டிகளின் பங்கும் இங்கே பெரிது.

ஹாலிவுட் நடிகர் சாட்விக் போஸ்மேனுக்கு 2016-இல் நோய் கண்டறியப்பட்டபோதே மூன்றாம் நிலை. 2020 ஆகஸ்டில் 43 வயதில் இறந்தார். திரையில் அவ்வளவு திடகாத்திரமாகத் தெரிந்த மனிதர்.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 50 வயதுக்கு முன்பே இந்நோய் வந்த 5,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2023-இல் வெளியிட்டார்கள். நோய் உறுதியாவதற்கு மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை முன்னதாகவே நான்கு அறிகுறிகள் இவர்களிடம் அதிகமாக இருந்தன: வயிற்றுவலி, மலவாயில் ரத்தம், தொடர்ந்த வயிற்றுப்போக்கு, இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை. இரண்டு ஆண்டு என்பது எவ்வளவு பெரிய காலம் என்று யோசித்துப் பாருங்கள்.

இளவயதினருக்குத் தாமதமாவதற்கு முக்கியக் காரணம், "இந்த வயசுல அதெல்லாம் வராது" என்று நோயாளியும் டாக்டரும் ஒன்றாக நம்புவது. இந்த நான்கில் ஒன்று இருந்து, மருந்துக்குப் பிறகும் நிற்கவில்லை என்றால், "டாக்டர், வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள என்ன பரிசோதனை செய்யலாம்?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தது. எனக்கும் வருமா?

கட்டாயம் வரும் என்றில்லை; ஆனால் வாய்ப்பு கூடுகிறது. அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள் இவர்களில் ஒருவருக்கு வந்திருந்தால், 40 வயதிலோ, அவருக்கு நோய் தெரிந்த வயதுக்கு 10 ஆண்டு முன்பாகவோ, இதில் எது முந்தியோ அப்போது கொலோனோஸ்கோபி (கேமராக் குழாயால் பெருங்குடலை உள்ளே பார்க்கும் பரிசோதனை) செய்துகொள்வது பரவலாகப் பின்பற்றப்படும் முறை. அப்பாவுக்கு 46-இல் தெரிந்தது என்றால் மகனுக்கும் மகளுக்கும் 36.

லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற மரபுக்கோளாறு உள்ள குடும்பங்களில் பெருங்குடல் புற்றுநோயோடு பெண்களுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோயும் இளவயதிலேயே வரும். ஆகவே அத்தைக்குக் கர்ப்பப்பையில், சித்தப்பாவுக்குக் குடலில் என்று இரண்டும் கலந்து வந்திருந்தால் அதை டாக்டரிடம் சேர்த்தே சொல்ல வேண்டும். வேறு சில குடும்பங்களில் பதின்வயதிலேயே குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப்புகள் முளைக்கும். அவர்களுக்குப் பரிசோதனையும் அந்த வயதிலேயே தொடங்கும்.

நம் வீடுகளில் தாத்தா எதனால் இறந்தார் என்று கேட்டால் "வயித்துல கட்டி" என்பதற்கு மேல் பதில் வராது. கேன்சர் என்ற சொல்லையே வாயில் எடுக்க மாட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் ஒரு பக்கம். ஆனாலும் உட்கார்ந்து கேளுங்கள்: எந்த இடத்தில் கட்டி, எந்த வயதில், ஆபரேஷன் நடந்ததா? பழைய ஆஸ்பத்திரிக் காகிதம் பெட்டியில் கிடந்தால் எடுத்து வையுங்கள்.

பல ஆண்டுகளாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் போன்ற குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கும் தனிக் கண்காணிப்பு தேவை.

எந்த டாக்டரிடம் போவது? கூச்சமாக இருக்கிறது.

முதலில் உங்கள் குடும்ப டாக்டரிடமோ, ஒரு பொது அறுவை சிகிச்சை நிபுணரிடமோ போகலாம். இரைப்பை, குடல் நோய்களைப் பார்க்கும் கேஸ்ட்ரோ டாக்டரிடம் நேராகப் போனாலும் சரி.

டாக்டர் கையுறை போட்டு, விரலில் களிம்பு தடவி, ஆசனவாய் வழியாகத் தொட்டுப் பார்ப்பார். ஒரு நிமிடம்கூட ஆகாது. இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மடக்கி, மூச்சை மெதுவாக வாயால் விட்டால் அசௌகரியம் குறையும். விரலுக்கு எட்டும் தூரத்தில் உள்ள மலக்குடல் கட்டிகளை இந்த ஒரு நிமிடமே காட்டிக்கொடுத்துவிடும். மலக்குடல் கட்டி அதிகம் உள்ள நம் நாட்டில், செலவே இல்லாத இந்தப் பரிசோதனை அடிக்கடி விட்டுப்போவது வேதனை. பாதி நேரம் டாக்டர் தயங்குகிறார், பாதி நேரம் நாம் வேண்டாம் என்கிறோம். டாக்டர் சொல்லாவிட்டாலும் நீங்களே கேளுங்கள்: "உள்ளே தொட்டுப் பார்த்துவிடுகிறீர்களா?"

பெண்கள் பெண் டாக்டரைக் கேட்கலாம். அல்லது ஒரு நர்ஸ் கூட இருக்கட்டும் என்று சொல்லலாம். அது உங்கள் உரிமை. அம்மாவை அழைத்துப் போகும் மகன் கொஞ்ச நேரம் வெளியே இருந்தால் அம்மா மனம்விட்டுப் பேசுவார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வயிறு ஸ்கேன் எடுத்தேன், நார்மல். அது போதாதா?

போதாது. சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகம் ஆகியவற்றை நன்றாகக் காட்டும். குடலுக்குள் இருக்கும் பாலிப்பையோ சிறு கட்டியையோ அதை நம்பி இல்லை என்று சொல்ல முடியாது. சிஇஏ என்ற ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். நோய் உறுதியானவருக்குச் சிகிச்சையைத் தொடர்ந்து கவனிக்க அது உதவும். ஆரம்ப நோயில் பெரும்பாலும் நார்மலாகவே வரும். மாஸ்டர் ஹெல்த் செக்கப் பட்டியலில் சிஇஏ இருப்பதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபிட் பரிசோதனை நல்லது. வீட்டிலேயே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். ரத்தம் இருக்கிறது என்று வந்தால் அடுத்த படி கொலோனோஸ்கோபிதான். இல்லை என்று வந்தும் அறிகுறி தொடர்ந்தால் அதோடு விட்டுவிடக் கூடாது.

கொலோனோஸ்கோபி வலிக்குமா?

பரிசோதனையைவிட முந்தைய நாள்தான் சிரமம் என்று செய்துகொண்டவர்கள் எல்லோரும் சொல்வார்கள். ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே கீரை, விதையுள்ள பழங்கள், கொட்டைகள் வேண்டாம் என்பார்கள். பிறகு பேதி மருந்துப் பொடியை, பொதுவாக இரண்டு லிட்டர் வரை தண்ணீரில் கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். உப்புக் கரிக்கும். குளிரவைத்துக் குடித்தால் இறங்கும். நாலைந்து முறை போன பிறகு தண்ணீராகவே வரும். மஞ்சள் கலந்த தெளிந்த நீராக வந்தால் குடல் சுத்தமாகிவிட்டது என்று பொருள். பாதியில் நிறுத்திவிட்டால் மிச்ச மலத்துக்குப் பின்னால் பாலிப் மறைந்துவிடும்.

மறுநாள் மயக்கமருந்து லேசாகக் கொடுத்து, கேமரா பொருத்திய மெல்லிய வளையும் குழாயைச் செலுத்துவார்கள். அரைமணி நேரம் வாக்கில் முடிந்துவிடும். பாலிப் தெரிந்தால் கம்பிச் சுருக்குப் போட்டு அப்போதே எடுத்துவிடுவார்கள், அது வலிக்காது. சந்தேகமான இடத்தில் சிறு துணுக்கு எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். பிறகு வாயு பிரியும் வரை வயிறு உப்பியது போல இருக்கும். குடலில் ஓட்டை விழுவது போன்ற பெரிய சிக்கல் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு.

சர்க்கரை நோய்க்கும், ரத்தம் உறையாமலிருக்கவும் மருந்து எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கூட ஒருவரை அழைத்துப் போங்கள்; அன்று வண்டி ஓட்டக் கூடாது.

மூலத்துக்கு நாட்டு மருந்து சாப்பிடுகிறேன். தொடரலாமா?

துத்திக்கீரை, கருணைக்கிழங்கு, மோர் இவற்றை உணவாகச் சாப்பிடுவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் மூலம்தான் என்று பரிசோதித்து உறுதியான பிறகு சாப்பிடுங்கள். பேருந்து நிலையச் சுவரில் "மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்" என்று எழுதியிருக்கும் இடங்களில் கட்டியைத் தவறவிட்டால் இழப்பது பணம் மட்டுமல்ல, மாதங்களையும்தான்.

எந்த அறிகுறியும் இல்லை. இருந்தாலும் பரிசோதனை தேவையா?

அமெரிக்காவில் 2021 முதல் 45 வயதில் தொடங்கச் சொல்கிறார்கள். அதற்கு முன் 50 ஆக இருந்தது. இங்கிலாந்தில் ஃபிட் பரிசோதனைப் பெட்டி வீட்டுக்கே தபாலில் வருகிறது. இந்தியாவில் அரசின் புற்றுநோய் முன்பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகிய மூன்றுக்கே. பெருங்குடல் அதில் இல்லை. ஆகவே இங்கே யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள். 45 தாண்டியவர்கள், குறிப்பாக உடல் பருமன், சர்க்கரை நோய், புகை, மதுப் பழக்கம் உள்ளவர்கள், டாக்டரிடம் பேசி முடிவெடுப்பது நல்லது.

உணவால் வருகிறதா?

ஓரளவு. சாஸேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சியை, புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருட்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் சேர்த்தது. மதுவும் புகையிலையும் வாய்ப்பைக் கூட்டும். நார்ச்சத்தும் உடலுழைப்பும் குறைக்கும். ஆனால் சைவம் சாப்பிடுகிறேன், தினமும் நடக்கிறேன் என்பதற்காக மலத்தில் வரும் ரத்தத்தைப் புறக்கணிக்க முடியாது.

ஆரம்பத்திலேயே தெரிந்தால் குணமாகுமா?

ஆகும். அமெரிக்கக் கணக்குப்படி, கட்டி குடலைத் தாண்டாத நிலையில் தெரிந்தால் 5 ஆண்டு கடந்தும் உயிரோடிருப்பவர்கள் சுமார் 90 சதவீதம். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பிறகு அது 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. சிகிச்சைச் செலவை நினைத்துப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் சிகிச்சை உண்டு.

எப்போது ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது?

வயிறு உப்பி, வாந்தி வந்து, மலமும் வாயுவும் இரண்டுமே போகவில்லை என்றால் குடல் அடைப்பாக இருக்கலாம். ரத்தம் கட்டியாகவோ நிற்காமலோ போனாலும், ரத்தம் போய்த் தலைசுற்றினாலும் அப்படியே. பேதி மருந்தோ எனிமாவோ வீட்டில் கொடுத்துப் பார்க்காமல், வாய்வழியாக எதுவும் கொடுக்காமல், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். 108-ஐக் கூப்பிடலாம். சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.